எண்ணெய் குடித்த எஞ்சின்

முள் ஏறிக்கொண்டே போனது. அது ஏற ஏற எனக்குப் பயமும் ஏறியது.

என் வீட்டுக்காரர் ஏகாம்பரம் படகின் பின்பக்கம் ஒரு காலை ஊன்றிக்கொண்டு ஸ்டார்ட்டர் கயிற்றை இழுத்து இழுத்து விட்டார். எஞ்சினின் மூடியைக் கழற்றிக் கீழே வைத்திருந்தோம். பிளக் இருந்த ஓட்டையில் நான் கம்ப்ரஷன் மீட்டரைத் திருகிப் பிடித்திருந்தேன். ஒவ்வொரு இழுப்புக்கும் முள் ஒரு குதி குதித்து, முன்னால் நின்ற இடத்தைத் தாண்டிப் போய் நின்றது.

"பாத்தியா கஸ்தூரி, எப்டி ஏறுது! இன்னும் இன்னா டவுட்டு உனக்கு?" என்றார் அவர். முகமெல்லாம் சிரிப்பு.

எஞ்சினை விற்கிற தசரதன் எதிரில் முழங்கால் தண்ணீரில் நின்றிருந்தான். அவன் சிரிக்கவில்லை. மீட்டரைப் பார்க்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் இருக்கிற ஒரு குப்பம் அது. மழைக்காலம் முடிந்து வெயில் சுள்ளென்று அடிக்க ஆரம்பித்திருந்த ஒரு காலை. ஏரிப் பக்கம் தசரதனின் படகைப் பாதி கரையிலும் பாதி தண்ணீரிலுமாக விட்டிருந்தார்கள். சேற்று வாடையும் காய்கிற கருவாட்டு வாடையும் கலந்து அடித்தது. பழைய எஞ்சின் ஒன்றை வாங்கத்தான் போயிருந்தோம். புதுசு வாங்க எங்களுக்கு வழியில்லை.

முள் ஏறினால் சந்தோஷப்பட வேண்டியதுதானே, உனக்கு ஏன் பயம் என்று கேட்பீர்கள். அதைச் சொல்ல என் அண்ணனிடம் போக வேண்டும்.

அண்ணன் கொடுத்த மீட்டர்

பொன்னேரியில் என் அண்ணன் பாலுவின் பைக் பட்டறையில் கல்யாணத்துக்கு முன்னால் நான் பில் எழுதப் போனதைப் போன வாரம் இந்தப் பகுதியில் எழுதியிருந்தேன். பில் எழுதியது பாதி நேரம்தான். மீதி நேரம் அண்ணன் கேட்கிற ஸ்பேனர் சாவியை எடுத்துக் கொடுப்பது, பிளக் துடைப்பது, மீட்டரைப் பிடிப்பது. அங்கே படிந்த பெட்ரோல் வாசனை மீன் விற்கப் போன பிறகும் என்னை விட்டுப் போகவில்லை.

எஞ்சினுக்குள் பிஸ்டன் காற்றை எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறது என்பதை அந்த மீட்டர் காட்டும். இறுக்கம் குறைந்தால் உள்ளே ரிங்கு தேய்ந்திருக்கிறது, இல்லையென்றால் சிலிண்டரில் கீறல் விழுந்திருக்கிறது என்று அர்த்தம். அப்படிப்பட்ட எஞ்சின் இன்றைக்கு ஓடும். நாளைக்கு நடுவழியில் நின்றுவிடும்.

பைக் நடுவழியில் நின்றால் தள்ளிக்கொண்டு போகலாம்.

இந்த எஞ்சினைப் பார்க்கக் கிளம்பிய சமயத்தில் அண்ணனுக்குக் கையில் மாவுக்கட்டு. வர முடியாது என்று மீட்டரை என்னிடம் கொடுத்து அனுப்பினான். "கஸ்தூரி, எவ்ளோ ஏறுதுன்றது அப்பால. ரெண்டு சிலிண்டரும் ஒண்ணுக்கொண்ணு கிட்ட கிட்ட நிக்குதான்னு பாரு. பழசு ரொம்ப ஏறுச்சுன்னா அதையும் நம்பாத. உள்ள எண்ணெய் விட்டா எப்பேர்ப்பட்ட செத்த எஞ்சினும் ஏறும்."

தசரதனின் எஞ்சினுக்கு இரண்டு சிலிண்டர். மேல் சிலிண்டரில் முள் நடுத்தரமாக நின்றது. ஓடித் தேய்ந்த எஞ்சினுக்கு அதுதான் நியாயமான அளவு. கீழ் சிலிண்டரில் புது எஞ்சின் மாதிரி ஏறிக்கொண்டு போனது.

இரண்டும் ஒரே நாளில் பிறந்து, ஒரே கடலில் ஓடியவை. ஒன்று மட்டும் எப்படி இளசாக இருக்கும்?

சத்தம் நின்ற நாள்

நான் ஏன் அவ்வளவு பயந்தேன் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு.

எங்கள் பக்கத்தில் ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு வாய் இருக்கிறது. அதுதான் முகத்துவாரம். ஏரியில் பிடிக்கிறவர்களுக்குக் கவலையில்லை. கடலுக்குப் போகிறவர்கள் அதைத் தாண்டித்தான் போக வேண்டும், தாண்டித்தான் வர வேண்டும். ஏரித் தண்ணீர் வெளியே இழுக்கிற நேரத்தில் கடல் அலை உள்ளே வந்து மோதும். அந்த இடத்தில் தண்ணீர் கொதிக்கிற மாதிரி இருக்கும். மணல்திட்டு ஒரு மாதம் இருந்த இடத்தில் அடுத்த மாதம் இருக்காது.

எங்கள் அப்பா, நைனா என்றுதான் கூப்பிடுவோம், படகில் பாய்மரம் கட்டிக் கடலுக்குப் போன ஆள். அந்தக் காலத்தில் பெண்கள் காற்றுக்குப் பயந்தார்கள். எஞ்சின் வந்த பிறகு எங்களுக்குக் காற்றைவிடச் சத்தம் நிற்பதுதான் பயம். கரையில் என்ன வேலை செய்துகொண்டிருந்தாலும் காது அங்கேயே இருக்கும். மீன் கழுவும்போதும், குழந்தைக்குச் சோறு ஊட்டும்போதும், பக்கத்து வீட்டுக்காரியோடு சண்டை போடும்போதும்கூட. சத்தம் சீராக வந்தால் படகு வருகிறது. சத்தம் நின்றால் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓட வேண்டும்.

அதற்கு முந்தின வருஷம் ஒரு நாள் நான் அப்படி ஓடினேன்.

எங்கள் பழைய எஞ்சின் முகத்துவாரத்துக்குள் நுழைகிற நேரத்தில் நின்றுபோனது. படகில் என் வீட்டுக்காரரும் அவர் தம்பி கஜாவும். நான் மணலில் நின்றபடி பார்த்தேன். படகு பக்கவாட்டில் திரும்பியது. ஒரு அலை அதைத் தூக்கியது. கஜா துடுப்போடு எழுந்து நின்றது தெரிந்தது. அடுத்த அலைக்குப் பிறகு படகில் ஒரு ஆள்தான் தெரிந்தார்.

யார் அந்த ஒரு ஆள் என்று தெரியவில்லை. அவ்வளவு தூரத்தில் அண்ணனுக்கும் தம்பிக்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. என்னோடு ஓடி வந்த கஜாவின் பெண்டாட்டி, என் ஓரகத்தி, அவளுக்கும் தெரியவில்லை. இரண்டு பேரும் ஒருத்தி கையை ஒருத்தி பிடித்துக்கொண்டு, வாய்விட்டுச் சொல்லாமல், ஆளுக்கொன்றை வேண்டிக்கொண்டு நின்றோம். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. அவளும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

பின்னால் வந்த படகுக்காரர்கள் கயிறு போட்டு இரண்டு பேரையும் காப்பாற்றினார்கள். தண்ணீரில் விழுந்தது கஜாதான். அதற்குப் பிறகு அவன் கடல் பக்கமே போகவில்லை. மீஞ்சூர்ப் பக்கம் ஒரு குடோனில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான்.

என் வீட்டுக்காரர் அந்த நாளைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. "எஞ்சின் மக்கர் பண்ணிச்சு" என்று ஊருக்குச் சொன்னதோடு சரி. ஏரியில் இறால் வலை போட்டுக் காலம் தள்ளினார். வேறு எஞ்சின் வாங்க வேண்டும் என்ற பேச்சு எழுந்தபோது நான் கேட்டது ஒன்றே ஒன்று. "நானும் வருவேன். மீட்டர் வெச்சுப் பாத்துட்டுத்தான் வாங்கணும்."

"ரெண்டு இழு இழுத்தா சத்தத்துலயே சொல்லிடுவேன் நானு. மீட்டராம் மீட்டரு" என்று முனகிக்கொண்டுதான் பைக்கை எடுத்தார்.

விரலில் ஒட்டியது

மீட்டரைக் கழற்றிவிட்டு, கீழ் சிலிண்டரின் பிளக்கைக் கையில் எடுத்துப் பார்த்தேன். நனைந்திருந்தது. விரலால் தொட்டுத் தேய்த்தேன். பெட்ரோல் என்றால் உடனே காய்ந்துபோகும். இது தேன் மாதிரி விரலோடு இழுபட்டது. மோந்து பார்த்தேன். கியர் பெட்டிக்கு ஊற்றுகிற கனமான எண்ணெய் வாசனை.

"இன்னா தம்பி, உள்ள எண்ணெய் வுட்டுக்கீறியா?"

தசரதன் தயங்காமல் பதில் சொன்னான். "ஆமா அண்ணி. ரெண்டு மாசமா ஓடாம கெடக்குது. துரு புடிக்கக் கூடாதுன்னு வுட்டு வெச்சேன்."

பொய் என்று சொல்ல முடியாது. நிறுத்தி வைக்கிற எஞ்சினுக்கு எண்ணெய் விடுவது எல்லாரும் செய்கிறதுதான்.

"மேல மட்டும் வுடலயே?"

அவன் எஞ்சினைப் பார்த்தான். "வுட்டேன்... அது கொஞ்சமா வுட்டேன்."

என் வீட்டுக்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. "இன்னாமே நீ, போலீஸ்காரி மாதிரி கேட்டுக்கினே கீற? பெரிய மனுஷங்க பாத்தா இன்னா நெனைப்பாங்க?"

அதற்குள் நாலைந்து பேர் வந்து நின்று வேடிக்கை பார்க்க ஆரம்பித்திருந்தார்கள். ஒரு பொம்பளை எஞ்சினைக் கழற்றிப் பார்க்கிறாள் என்பதே அவர்களுக்கு வேடிக்கை. எனக்குக் கூச்சமாக இருந்தது. நல்லவன் ஒருவனைத் திருடன் ஆக்குகிறோமோ என்றும் இருந்தது. வீட்டு வாசலில் அவன் பெண்டாட்டி தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் முகம் வெளுத்திருந்தது. காய்ச்சல்காரி போல இருக்கிறது என்று நினைத்தேன்.

"ஓட்டிப் பாக்கலாம். நல்லா சூடாவட்டும். அப்பால திரும்ப ஒருக்கா மீட்டர் வெக்கறேன். அதே மாதிரி நின்னுச்சுன்னா பேச்சே இல்ல, வாங்கிடலாம்" என்றேன்.

"ஓட்டிப் பாருங்களேன், நான் இன்னா வேணாம்னா சொல்றேன்" என்றான் தசரதன். ஆனால் படகைத் தள்ள முன்னால் வரவில்லை.

"நீயும் ஏறு தம்பி."

"நான் எதுக்கு அண்ணி? அண்ணன் ஓட்டமாட்டாரா?"

"உன் எஞ்சின். நீ கூட இருந்தாத்தான் சரி."

அவன் வாசலைத் திரும்பிப் பார்த்தான். அவள் தலையை அசைக்கவும் இல்லை, கூப்பிடவும் இல்லை. அவன் ஏறினான். ஏறும்போது படகின் விளிம்பை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான். வழுக்குகிறது என்றுதான் நினைத்துக்கொண்டேன்.

கயிறு லேசாக வந்தது

முதல் இழுப்பிலேயே எஞ்சின் பிடித்துக்கொண்டது. பின்னால் புகை அடர்த்தியாகக் கிளம்பி, கரையில் நின்றவர்களை மறைத்துவிட்டது. கொஞ்ச தூரம் போனதும் புகை குறைந்து சத்தம் தெளிந்தது. என் வீட்டுக்காரர் தலையை ஒருபக்கமாகச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே ஓட்டினார். அவருக்குப் பிடித்துப்போனது என்று தெரிந்தது.

தண்ணீர் பளபளவென்று கிடந்தது. தூரத்தில் நாரைகள். கூச்சமெல்லாம் போய் நானும் கொஞ்சம் நிம்மதியாகி மீட்டரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

ஆள் இருக்கிற பாரத்தோடு, தண்ணீரின் இழுப்புக்கு எதிராக எஞ்சின் எப்படி ஏறுகிறது என்று பார்க்க அவர் படகை ஆழமான ஓடைப் பக்கம் விட்டார். அந்த ஓடை நேராக முகத்துவாரத்துக்குப் போகிறது. வீட்டுக்காரர் பின்னால் உட்கார்ந்திருந்ததால் எனக்கு அவர் முகம் தெரியவில்லை. எதிரில் இருந்த தசரதனின் முகம் தெரிந்தது.

"அண்ணே, அந்தப் பக்கம் வேணாம்ணே" என்றான் அவன்.

"ஏன்?"

"தண்ணி வெளிய இழுக்குது. வேணாம்ணே."

"அதுக்குத்தாம்பா போறது. இழுப்புல ஓடலைன்னா இன்னாத்துக்கு எஞ்சினு?"

அப்போதுதான் அலை இரைகிற சத்தம் என் காதில் விழுந்தது. எஞ்சின் சத்தத்துக்குப் பின்னால் அது வெகுநேரமாக இருந்திருக்க வேண்டும். நான்தான் கவனிக்கவில்லை. "போதும், திருப்புய்யா" என்றேன்.

அவர் திருப்பினார். படகு பாதி திரும்பியிருக்கும். எஞ்சின் இரண்டு முறை இருமியது. நின்றுவிட்டது.

அந்த அமைதி எப்படி இருந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கரையில் நின்று கேட்கிற அமைதி வேறு. உள்ளே உட்கார்ந்து கேட்கிறது வேறு. அலைச் சத்தம் ஒரே தாவலில் பக்கத்தில் வந்துவிட்டது.

அவர் கயிற்றை இழுத்தார். மறுபடி இழுத்தார். மூன்றாவது தடவை இழுத்தபோது கையை நிறுத்தி என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"கஸ்தூரி. கயிறு லேசா வருது."

உள்ளே இறுக்கம் இருந்தால் கயிறு கையை எதிர்த்து இழுக்கும். அது எதிர்க்கவில்லை. பாவாடை நாடாவை உருவுகிற மாதிரி வந்தது.

படகு நகர்ந்துகொண்டிருந்தது. கரையில் ஒரு குச்சி நட்டிருந்தார்கள், வலை கட்டுகிற குச்சி. அதை வைத்துப் பார்த்தபோதுதான் எவ்வளவு வேகமாகப் போகிறோம் என்று தெரிந்தது. தசரதன் நீளக் கழியை எடுத்துத் தண்ணீரில் ஊன்றினான். அது தரையைத் தொடவில்லை.

"நங்கூரம் எங்கடா?" என்று கத்தினார் இவர்.

"கரையில கெடக்குதுண்ணே. படகு எங்கயும் போறதில்லைன்னு எடுத்து வெச்சிட்டேன்."

ஒரே ஒரு துடுப்பு இருந்தது. "அதை எடுத்து மூக்கை நேரா வெச்சுக்கோ. பக்கமா திரும்ப வுட்டுடாத!" என்றார். தசரதன் முன்னால் போய் மண்டியிட்டுத் துழாவ ஆரம்பித்தான். வாய்க்குள் ஏதோ சொல்லிக்கொண்டே துழாவினான். அம்மா, அம்மா என்பது மட்டும் எனக்குக் கேட்டது.

 பக்கவாட்டில் திரும்பிய அந்தப் பழைய படகு கண் முன்னால் வந்தது. பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருக்கிற நேரம். அடுப்பில் சாதம் வடித்து வைத்துவிட்டு வந்திருந்தேன். அதை யார் எடுத்துப் போடுவார்கள் என்று ஒரு நினைப்பு வந்தது. அப்படி ஒரு நேரத்தில் மனசு எதையெல்லாம் பிடித்துக்கொள்கிறது!

மடியில் மீட்டர் இருந்தது. கை தானாகப் பிளக் சாவியை எடுத்தது.

"இப்ப இன்னாத்துக்குடி மீட்டரு!"

"ஒரே ஒரு இழு இழுய்யா. எது செத்துச்சுன்னு தெரியணும்."

கீழ் சிலிண்டரில் திருகினேன். அவர் இழுத்தார். கரையில் புதுசு மாதிரி ஏறிய முள், படுத்த இடத்தில் இருந்து எழுந்திருக்கவே இல்லை. சும்மா ஒரு அசைவு அசைந்துவிட்டுப் படுத்துக்கொண்டது.

எண்ணெய்தான் அதைத் தூக்கிப் பிடித்திருந்தது. ஓடிய சூட்டில் எண்ணெய் எரிந்து போய்விட்டது, மேல் சிலிண்டர் ஒன்றால் மட்டும் தனியாக ஓட்ட முடியவில்லை. அவ்வளவுதான் விஷயம். அது புரிந்த அதே நொடியில் இன்னொன்றும் புரிந்தது. எண்ணெய் விட்டபோது இந்த எஞ்சின் முதல் இழுப்பிலேயே பிடித்தது.

"தசரதா! அந்த எண்ணெய் இன்னும் கீதா?"

அவன் திரும்பவில்லை. துடுப்பு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்பா. கீதா, இல்லியா?"

"பின்னால... பலகைக்குக் கீழ" என்றான். அழுகிற குரல்.

பின்பலகைக்கு அடியில் துணியில் சுற்றி ஒரு சின்ன பாட்டில் இருந்தது. பாதிக்கு மேல் காலி. படகு ஆடியதில் கொஞ்சம் வெளியே கொட்டியது. மீதியைப் பிளக் ஓட்டையில் ஊற்றினேன். உள்ளே எல்லா இடமும் பரவட்டும் என்று அவர் கயிற்றை மெதுவாக இழுத்து விட்டார். பிளக்கைப் புடவையால் துடைத்துத் திருகினேன். ஒரு தடவை இழை மாறி ஏறிவிட்டது. கழற்றித் திரும்பவும் வைத்தேன். முகத்துவாரத்தின் முதல் அலை படகுக்கு அடியில் நுழைந்து எங்களைத் தூக்கி இறக்கியது. உப்புத் தண்ணீர் முகத்தில் அடித்தது.

"இழு!"

பிடிக்கவில்லை.

"இழுய்யா!"

பிடித்தது. புகையைக் கக்கிக்கொண்டு, ஒரு பக்கம் நொண்டிக்கொண்டு, எஞ்சின் பிடித்தது. அவர் ஒரேயடியாக முறுக்காமல், கைக்குழந்தையைப் பிடிக்கிற மாதிரி அதைப் பிடித்துக்கொண்டு, மணல்திட்டு ஓரமாக அங்குலம் அங்குலமாகப் படகை ஏற்றினார்.  தசரதன் கழியை எடுத்துக் குத்திக் குத்திப் பார்த்துக்கொண்டே வந்தான். ஒரு இடத்தில் கழி தரையில் இடித்து நின்றது. அந்தச் சத்தத்தை விட இனிமையான ஒன்றை நான் கேட்டதில்லை.

அதற்குப் பிறகு எஞ்சின் திரும்பவும் நின்றது. நின்றால் நிற்கட்டும் என்று கழி போட்டே கரைக்கு வந்து சேர்ந்தோம்.

அம்சா

கரையில் அவன் பெண்டாட்டி கழுத்தளவு தண்ணீரில் இறங்கி நின்றிருந்தாள். பெயர் அம்சா. படகைப் பிடித்ததும் அவள் முதலில் கேட்டது அவனை. "சொல்லிட்டியா? இப்பயாவது சொல்லிட்டியா?"

அவன் மணலில் போய்க் குந்தி, தலையைக் கைகளுக்குள் வைத்துக்கொண்டான்.

நான் கத்தினேன். என்னென்ன சொன்னேன் என்று எல்லாம் எழுத முடியாது. "என் புள்ளைங்களுக்கு அப்பன் வேணாம்னு நீ முடிவு பண்ணிட்டியாடா?" என்று கேட்டது ஞாபகம் இருக்கிறது. சுற்றி நின்றவர்கள் யாரும் தடுக்கவில்லை. அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது.

அம்சாதான் சொன்னாள். மழைக்காலத்தில் அந்த எஞ்சினோடு படகு முகத்துவாரத்தில் கவிழ்ந்திருக்கிறது. தசரதன் ஒரு காலி கேனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நாளெல்லாம் கடலில் மிதந்திருக்கிறான். எஞ்சின் உப்புத் தண்ணீரில் கிடந்து, பிறகு வலையில் சிக்கி வந்தது. கழுவி, துடைத்து, பெயிண்ட் அடித்தார்கள். ஆனால் உப்பு உள்ளே போய்ச் சிலிண்டரைத் தின்றுவிட்டது.

"அன்னிலேந்து இந்த ஆளு முழங்காலுக்கு மேல தண்ணியில எறங்கலக்கா. குளிக்கறதுக்கே மொண்டுதான் ஊத்திக்குது. இத்த வித்துட்டு வேற எங்கனா போயிடலாம்னு சொல்லிச்சு. நான் வேணாம் வேணாம்னு தலபாடா அடிச்சுக்கினேன்" என்றாள்.

அப்படிப்பட்டவன்தான் அன்றைக்கு எங்களோடு படகில் ஏறியிருக்கிறான். ஏறாமல் இருந்திருக்கலாம். வயிற்றுவலி என்று சொல்லியிருக்கலாம். என் கோபம் அடங்கவில்லை. ஆனால் அதற்கு மேல் கத்தவும் வாய் வரவில்லை.

காட்டூர் ரோட்டில்

மீட்டரை அண்ணனிடம் கொடுக்க நேராகப் பொன்னேரிக்குக் கிளம்பினோம். காட்டூர்ப் பக்கமாகச் சுற்றிப் போகிற ரோடு. இரண்டு பக்கமும் வயல். ஒரு புளியமரத்தடியில் அவர் பைக்கை நிறுத்தினார்.

"பெட்ரோல் இல்லியா?"

 ஸ்டாண்டு போட்டுவிட்டு வரப்பில் உட்கார்ந்தார். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். 

"சத்தம் நல்லாத்தாண்டி இருந்துச்சு. எனக்கு நல்லாத்தான் கேட்டுச்சு" என்றார்.

"சரி வுடு."

"கஜா வுழுந்தான் பாரு, அன்னிக்கு. நான் அவனப் புடிக்கப் போவல. எஞ்சினத்தான் புடிச்சுக்கினு இருந்தேன். கை வரல. இன்னிக்கும் அதே மாதிரி ஆயிடுச்சு. நீ எண்ணெய் எங்கன்னு கேக்கலன்னா கயித்த இழுத்துக்கினே இருந்திருப்பேன்." கையை எடுத்து வரப்பில் இருந்த புல்லைப் பிடுங்கினார். "தெனம் பயமாத்தான் கீது கஸ்தூரி. உன்னான்ட சொன்னா நீயும் பயப்படுவேன்னு சொல்லல."

ஒரு வருஷமாக நான் மட்டும்தான் பயந்துகொண்டிருக்கிறேன் என்று நினைத்திருந்தேன். அவர் பக்கத்தில் வரப்பில் உட்கார்ந்தேன். ரோட்டில் போனவர்கள் பஞ்சர் என்று நினைத்து நின்று நின்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

கண்ணை மூடிக்கொண்டு

கொஞ்ச நாள் கழித்து தசரதன் எங்கள் வீட்டுக்கு வந்தான். உள்ளே வரவில்லை. வேலியோரம் நின்றான்.

"எஞ்சின ஒடைச்சுட்டேன் அண்ணி. சம்மட்டியால அடிச்சு ஒடைச்சு காயலான் கடையில போட்டுட்டேன். ஆந்திராவுலேந்து ஒருத்தர் கேட்டாரு. தரல." பிறகு அவரைப் பார்த்து, "அண்ணே, வேற எஞ்சின் எடுத்தீங்கன்னா உங்க கூட ஆள் வேணும்ல? நான் வரேன்" என்றான்.

நான் அவரை உள்ளே கூப்பிட்டேன். "பொய் சொன்னவன எப்படிய்யா படகுல ஏத்துவ?"

"பயந்துக்கினு பொய் சொன்னான். பயமே இல்லன்னு சொல்றவன் கூடப் போறதுக்கு இவன் தேவல."

எனக்குச் சம்மதம் இல்லை. இன்றைக்கும் முழுச் சம்மதம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் சுண்ணாம்புக்குளத்தில் இன்னொரு எஞ்சின் பார்க்கப் போனபோது அவனும் வந்தான். பிளக்கைக் கழற்றியதும் எனக்கு முன்னால் அவனே உள்ளே வெள்ளைத் துணி விட்டுத் துடைத்து, எண்ணெய் இருக்கிறதா என்று என்னிடம் காட்டினான். குளிர்ந்திருக்கும்போது ஒரு தடவை, ஓட்டிச் சூடாக்கி ஒரு தடவை மீட்டர் வைத்தேன். முள் ரொம்ப ஏறவில்லை. இரண்டு சிலிண்டரிலும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் நின்றது. எங்களுக்கு அது போதும்.

முதல் நாள் கடலுக்குப் போகும்போது நான் மணல்திட்டில் போய் நின்றேன். அம்சாவும் வந்திருந்தாள். நான் கூப்பிடவில்லை. பக்கத்தில் வந்து நின்றாள். 

படகு முகத்துவாரத்துக்குள் நுழைந்தது. தசரதன் முன்னால் குனிந்து பலகையைப் பிடித்துக்கொண்டிருந்தான். அவர் பின்னால். முதல் அலை படகைத் தூக்கியது. எஞ்சின் சத்தம் ஒரு கணம் மேலே போய்க் கீழே வந்தது. அதற்கு மேல் என்னால் பார்க்க முடியவில்லை.

அம்சா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். நகம் பதிந்தது.

"அக்கா, தாண்டிட்டாங்களா? நான் கண்ண மூடிக்கினேன். நீயே பாத்துச் சொல்லுக்கா."

"நானும் மூடிக்கினுதான் கீறேன்" என்றேன்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது போலிருக்கிறது, அழுகையும்தான். சத்தம் இருக்கிறதா என்று கேட்டோம். காற்று மாறி மாறி அடித்ததில் ஒன்றும் பிடிபடவில்லை.

"சேந்து தொறக்கலாம்" என்றாள்.

சேர்ந்து திறந்தோம். வெள்ளை நுரைக்கு அந்தப் பக்கம், வெகு தூரத்தில், படகு போய்க்கொண்டிருந்தது. அதில் இரண்டு தலை தெரிந்தது.